முதலில் உங்கள் பெயருக்கு, பிறகு பூட்டு: தொலைபேசி, கணினி அந்தரங்கத்துக்கு ஒரு வழிகாட்டி

முறிகண்டியில் கச்சான் வாங்கக் காசை எடுத்தபோது தொலைபேசி சட்டைப்பையில்தான் இருந்தது. கிளிநொச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது இல்லை. கடந்த ஆண்டு பங்குனியில் நடந்தது இது. போனது ஒரு பழைய தொலைபேசி, அதற்காக நான் துக்கம் கொண்டாடவில்லை. மறுநாள் மாலை கனடாவிலிருக்கும் சின்னம்மாவுக்கு என் வட்ஸ்அப்பிலிருந்து ஒரு செய்தி போயிருக்கிறது: "ஆன்டி, அவசரமாகக் காசு வேண்டும்." நான் அவரை ஆயுளில் ஒரு தரமும் ஆன்டி என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லால் அவருடைய காசு தப்பியது.

எண்ணை நிறுத்தக் கிளைக்கு ஓடினேன். சிம் என் பெயரில் இல்லை என்றார்கள். அது பெரியம்மாவின் மகன் 2010 இல் வாங்கித் தந்தது, அவர் இப்போது சுவிஸில் இருக்கிறார். ஜிமெயிலையாவது மீட்போம் என்று உட்கார்ந்தால், மீட்புக்கான தொலைபேசி எண் என்று கடைசி இரண்டு இலக்கங்கள் காட்டின. அதுவும் என்னுடையதில்லை. தொலைபேசி வாங்கிய நாளில் கணக்கைத் திறந்து தந்த கடைப் பையன் தன் எண்ணைப் போட்டிருந்தான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அவனுக்கு அவசரம். ஜிமெயிலை மீட்க 23 நாட்கள் சென்றன. சிம்மை மீட்க, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு அந்த அண்ணா வரும்வரை காத்திருந்தேன்.

ஆகவே இந்த வழிகாட்டி ஹேக்கர்களைப் பற்றிப் பேசாது. எங்கள் பக்கத்தில் ஓட்டை பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: இன்னொருவர் பெயரிலுள்ள சிம், கடைக்காரரின் எண்ணில் திறந்த மின்னஞ்சல், அடையாள அட்டையின் படம் கிடக்கும் கொமினிகேஷன் (அச்சிடுதல், இணைய விண்ணப்பம் எல்லாம் செய்து தரும் கடை) கணினி. இரவல் வீட்டுக்கு எவ்வளவு விலையான பூட்டுப் போட்டாலும் திறப்பு வேறொருவரிடம்தான் இருக்கும். அதனால் கீழேயுள்ள வரிசையை மாற்ற வேண்டாம். பலர் நான்காம் படியிலிருந்து தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கி, எல்லாவற்றையும் இரண்டு தரம் செய்தேன்.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

தேசிய அடையாள அட்டையின் மூலப் பிரதி, அதன் போட்டோப் பிரதிகள் இரண்டு, தொலைபேசி வந்த பெட்டி இருந்தால் அது, ஒரு 40 பக்கக் கொப்பி, ஒரு பேனை. கொப்பி எதற்கு என்று சிரிக்க வேண்டாம், மூன்றாம் படியில் தெரியும்.

செலவு பெரிதில்லை. பஸ் காசு, போட்டோப் பிரதி, சிம்முக்கு நிறுவனம் கேட்கும் கட்டணம். அந்தக் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், முன்கூட்டியே அழைத்துக் கேளுங்கள். கீழே சொல்லும் செயலிகள், அமைப்புகள் எல்லாம் இலவசம். இதற்குக் காசு கேட்டு யாராவது "செக்யூரிட்டி போட்டுத் தருகிறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நேரம்: சிம்முக்கு ஒரு பகல். ஜிமெயிலுக்கு ஒரு மாலை, பிறகு ஏழு நாள் காத்திருப்பு. வட்ஸ்அப்புக்கு அரை மணித்தியாலம். மற்றவை ஒரு வார இறுதி.

1. சிம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

இதைச் செய்யாமல் மற்ற எதையும் செய்து பயனில்லை. வங்கியின் ஓடிபி (ஒரு தரம் மட்டும் செல்லும் குறியீடு), வட்ஸ்அப்பின் ஆறு இலக்கக் குறியீடு, மின்னஞ்சல் மீட்பு எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வருகின்றன. சட்டப்படி எண் யாருடையதோ, அவர்தான் மாற்றுச் சிம் கேட்கலாம்.

அடையாள அட்டையையும் தொலைபேசியையும் எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் கிளைக்கே போங்கள். ரீலோட் போடும் கடைக்கோ, சந்தியில் குடை விரித்து சிம் விற்பவரிடமோ போக வேண்டாம். கிளையில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்த எண் யார் பெயரில் இருக்கிறது? என் அடையாள அட்டை எண்ணில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன? இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு மூன்று இருந்தன. ஒன்று நான் பாவிப்பது (அண்ணா வந்து மாற்றித் தந்தது), ஒன்று எப்போதோ எறிந்த டொங்கிளுடையது (கணினிக்கு இணையம் தரும் கருவி). மூன்றாவது எதுவென்று இன்றுவரை தெரியாது. மற்ற இரண்டையும் அங்கேயே நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.

பெயர் வேறொருவருடையது என்றால், அவரும் நீங்களும் இருவரின் மூல அடையாள அட்டைகளோடு சேர்ந்து போவதுதான் இலகுவான வழி. அவர் வெளிநாட்டில் என்றால் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, எந்தக் கடிதம், எந்தப் பிரதி வேண்டும் என்று கேட்டு, பதில் சொன்னவரின் பெயரையும் திகதியையும் குறித்துக்கொண்டு போங்கள். உரிமையாளர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். உறவை நிரூபிக்கும் பிறப்பு அல்லது விவாகச் சான்றிதழையும் கையில் வைத்திருங்கள். ஒன்றும் சரிவராவிட்டால் புதிய எண் எடுத்துவிடுவது மேல். பழைய சிம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே வட்ஸ்அப்பின் "எண்ணை மாற்று" வசதியால் கணக்கைப் புதிய எண்ணுக்கு நகர்த்திவிடலாம், வங்கியிலும் மாற்றிவிடலாம். சிம் தொலைந்த பிறகு இந்தச் சலுகை கிடையாது.

அடையாள அட்டையே தொலைந்தவர்கள் பொலிஸ் முறைப்பாட்டோடு கிராம அலுவலரிடம் முதலில் போங்கள். அதற்குச் செல்லும் காலத்தை நான் சொல்லத் தேவையில்லை.

பொறி: அடையாள அட்டைப் பிரதியை வெறுமையாகக் கொடுப்பது. பிரதியின் குறுக்கே, எழுத்துகளை மறைக்காமல் ஆனால் வெட்டி எடுக்க முடியாதபடி, "சிம் பெயர்மாற்றத்துக்கு மட்டும்" என்று எழுதித் திகதி இடுங்கள். எந்த அலுவலகத்திலும் இதை மறுத்தவர்களை நான் பார்க்கவில்லை. ஓர் அம்மணி மட்டும் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார், அவ்வளவுதான். அடையாள அட்டை எண்ணுக்குள் உங்கள் பிறந்த நாள் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். பழைய ஒன்பது இலக்க எண்ணில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். புதிய 12 இலக்க எண்ணில் ஆண்டு முழுதாகவே தெரியும். பிறந்த நாளைப் பின் (PIN) இலக்கமாக வைத்திருப்பவர் பிரதியைக் கொடுக்கும்போது பின்னையும் சேர்த்தே கொடுக்கிறார்.

2. தொலைபேசிக்கும் சிம்முக்கும் பூட்டு

கோடு கீறும் பூட்டை விடுங்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கு அது மனப்பாடம். கண்ணாடியில் எண்ணெய்க் கறையாகவும் தெரியும். ஆறு இலக்கப் பின் வையுங்கள், மேலே கைவிரல் அடையாளம் சேர்த்துக்கொள்ளலாம். பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி அறிவிப்புகளை மாற்றுங்கள். ஓடிபி திரையில் மின்னிக்கொண்டிருந்தால் பின் எதற்கு?

கைவிரலை வலுக்கட்டாயமாக வைக்கச் செய்யலாம், பின்னை அப்படிப் பறிக்க முடியாது. புதிய அன்ட்ரொயிட்களில் பவர் பொத்தானை அழுத்தும்போது "லொக்டவுன்" என்ற தெரிவு வரும். பல தொலைபேசிகளில் அதை அமைப்புகளில் ஒரு தரம் இயக்கிவிட வேண்டும். அதைத் தொட்டால் அடுத்த திறப்பு வரை பின் மட்டுமே செல்லும். முகநூல் பதிவுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானவர்கள் இருக்கும் நாட்டில், இது எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதில் தவறில்லை.

சிம் பின் வேறு. திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு தொலைபேசியில் போட்டால் உங்கள் திரைப்பூட்டு செல்லாது, எனக்கு நடந்தது அதுதான். பாதுகாப்பு அமைப்புகளில் சிம் பூட்டை இயக்குங்கள். கவனம்: மூன்று தரம் பிழையாக அடித்தால் பியூகே குறியீடு (பூட்டிய சிம்மைத் திறக்க நிறுவனம் வைத்திருக்கும் எண்) கேட்கும், அதைப் பத்துத் தரம் பிழையாக அடித்தால் சிம் செத்துவிடும். அதனால் ஊகித்து அடிக்காமல், நிறுவனத்தின் ஆரம்பப் பின் என்ன என்று கிளையிலேயே கேட்டு, அங்கேயே மாற்றிக்கொண்டு வாருங்கள். வீட்டிலுள்ள முதியவர்களின் தொலைபேசிக்கு இதைப் போட்டால் அவர்களிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். அணைத்துப் போடும் ஒவ்வொரு தரமும் அது கேட்கும். அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

3. மின்னஞ்சலைக் கைப்பற்றுங்கள்

"நான் மின்னஞ்சலே பாவிப்பதில்லை" என்பவர்களுக்குத்தான் இது அதிகம் வேண்டும். அன்ட்ரொயிட் தொலைபேசி இருந்தால் ஜிமெயில் இருக்கிறது. உங்கள் படங்கள், தொடர்பு எண்கள், வட்ஸ்அப்பின் காப்புப்பிரதி எல்லாம் அதன் கீழ்தான்.

அமைப்புகளுக்குள் கணக்குகள் என்ற பகுதியைத் திறந்து எத்தனை கூகுள் கணக்குகள் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத முகவரி ஒன்று இருந்தால் அது கடையின் பொதுக் கணக்காக இருக்கலாம். கூகுள் போட்டோஸ் செயலியின் வலது மேல் மூலையில் எந்தக் கணக்கு இருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள். அங்கே கடையின் கணக்கு இருந்தால், உங்கள் பிள்ளையின் பிறந்தநாள் படங்கள் பல மாதங்களாகக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அந்தக் கணக்கை அகற்றும் முன் படங்களை உங்கள் கணக்குக்கோ பென் டிரைவுக்கோ பிரதி செய்துகொள்ளுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். இங்கே பல வீடுகளில் இறந்தவரின் ஒரே ஒரு படம், எப்போதோ ஒரு பழைய பிரதியிலிருந்து தொலைபேசியால் எடுத்ததாக இருக்கும். அது இரண்டு இடங்களில் பத்திரமாகும்வரை எதையும் அழிக்க வேண்டாம்.

பிறகு கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் இந்த வரிசையில் செய்யுங்கள்.

மீட்பு எண்ணையும் மீட்பு மின்னஞ்சலையும் உங்களுடையதாக மாற்றுங்கள். ஆனால் பழைய எண்ணின் கை உடனே விலகாது. மாற்றிய பின்னும் ஏழு நாட்கள்வரை பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்பும் வழியைக் கூகுள் திறந்து வைத்திருக்கலாம். திருடன் எண்ணை மாற்றினால் உங்களைக் காப்பாற்ற இருக்கும் ஏற்பாடு அது. எங்களுக்கு அது தலைகீழாக வருகிறது. அந்த வாரத்தில் வங்கி மின்னஞ்சல் போன்ற முக்கியமானவற்றை அந்தக் கணக்கோடு இணைக்க வேண்டாம்.

கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது கடவுச்சொல் இல்லை, அது அழைப்பிதழ். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள்: பனங்கிழங்கு, தண்டவாளம், மூக்குக்கண்ணாடி, கொச்சிக்காய் என்பதுபோல. இந்த நான்கையே எடுக்க வேண்டாம்.

"உங்கள் சாதனங்கள்" என்ற பட்டியலைத் திறந்து தெரியாத தொலைபேசி, கணினி எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். எனது பட்டியலில் முன்பு வேலை செய்த இடத்தின் கணினி இன்னும் உள்ளே இருந்தது.

இரண்டு படிச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு குறியீடும் கேட்பது) இயக்குங்கள். இயக்கியதும் பத்து மீட்புக் குறியீடுகள் எடுக்கலாம். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றும் ஒரு தரம்தான் செல்லும். கொப்பி இதற்குத்தான். கையால் எழுதுங்கள், படம் எடுத்துத் தொலைபேசிக்குள் வைக்க வேண்டாம். தொலைபேசி போனால் படமும் போகும். எழுதிய தாளை எங்கே வைப்பது என்று வன்னியில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. இடப்பெயர்வுகளில் எதை விட்டாலும் விடாமல் தூக்கிய பை ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும்: காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், குடும்ப அட்டை. அந்தப் பைக்குள் வையுங்கள்.

இன்னும் ஒன்று: இரண்டு ஆண்டுகள் தொடாத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம். பழைய படங்கள் கிடக்கும் கணக்கு இருந்தால் இடைக்கிடை உள்ளே போய்வாருங்கள்.

4. வட்ஸ்அப்

கணக்கு அமைப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி ஆறு இலக்கப் பின் வையுங்கள், மின்னஞ்சல் முகவரியையும் சேருங்கள். இதை நீங்கள் செய்யாமல் விட்டால் திருடியவர் செய்துவிடுவார். எண்ணைத் திரும்பப் பெற்று வட்ஸ்அப்பை மறுபடி பதிந்தால் அவர் வெளியே போய்விடுவார் என்பது உண்மை. ஆனால் அவர் பின் வைத்திருந்தால், அது தெரியாத நீங்கள் ஏழு நாட்கள் வாசலில் நிற்க வேண்டும்.

அடுத்தது "இணைக்கப்பட்ட சாதனங்கள்". ஆவணம் அச்சிடக் கடைக் கணினியில் கியூஆர் காட்டி உள்ளே போனவர்கள், வெளியேறாமல் வீடு வந்திருந்தால் உங்கள் உரையாடல்கள் அங்கே தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். பட்டியலில் இருப்பதெல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். தேவையானதைப் பிறகு சேர்க்கலாம். இதை மாதம் ஒரு தரம் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே வேவு பார்க்க இதைவிட இலகுவான வழி இல்லை. தொலைபேசி இரண்டு நிமிடம் மேசையில் இருந்தால் போதும்.

அழைப்புத் திருப்புதல் என்றொரு பொறி இருக்கிறது. பார்சல் வந்திருக்கிறது, பரிசு விழுந்திருக்கிறது என்று யாரோ அழைத்து, நட்சத்திரக் குறியில் தொடங்கி இன்னொரு தொலைபேசி எண் வரும் குறியீட்டை அடிக்கச் சொல்வார்கள். அடித்தால் உங்களுக்கு வரும் அழைப்புகள் அவருக்குப் போகும். வட்ஸ்அப் குறியீட்டை அழைப்பின் மூலம் சொல்லும் வசதி இருப்பதால் கணக்கு கைமாறிவிடும். *#21# என்று அடித்தால் திருப்புதல் இருக்கிறதா என்று தெரியும். ##002# என்று அடித்தால் எல்லாத் திருப்புதல்களும் நீங்கும். தவறிய அழைப்புகளை அறிவிக்கும் சேவை வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து நின்றுவிடலாம், நிறுவனத்திடம் சொல்லி மறுபடி போடலாம்.

அந்தரங்க அமைப்பில் படம், கடைசியாகப் பார்த்த நேரம், குழுக்களில் யார் சேர்க்கலாம் என்ற மூன்றையும் "எனது தொடர்புகள்" என்று மாற்றுங்கள். காப்புப்பிரதியை மறையாக்கம் செய்யும் (திறப்பு இல்லாதவர் வாசிக்க முடியாதபடி மாற்றும்) வசதியையும் இயக்குங்கள். அதற்கும் ஒரு கடவுச்சொல் கேட்கும், மறந்தால் வட்ஸ்அப்பாலும் மீட்டுத்தர முடியாது, கொப்பியில் எழுதுங்கள்.

குழுக்கள் பற்றி ஒரு புலம்பல். உதவித்திட்டப் பெயர்ப்பட்டியல், அடையாள அட்டை எண், தொலைபேசி எண், சில வேளை வங்கிக் கணக்கு எண் வரை ஒரே தாளில் படமாக வந்து விழுகிறது. நல்ல மனதோடுதான் போடுகிறார்கள். வேறு குழுவுக்கு அனுப்பும் முன் விரலை நிறுத்துங்கள். முடிந்தால் இட்டவருக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள், குழுவுக்குள் எழுதினால் சண்டைதான் வரும். குடும்பத்துக்குள் ஒரு சொல்லையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது காசு அனுப்ப முன் அதைக் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது அது எங்கள் செத்துப்போன நாயின் பெயர்.

5. செயலிகள்

அமைப்புகளில் அனுமதி மேலாளரைத் (எந்தச் செயலி எதைத் தொடலாம் என்று காட்டும் பகுதி) திறந்து ஒலிவாங்கி, இருப்பிடம், தொடர்புகள் ஆகிய மூன்றை மட்டும் பாருங்கள். டோர்ச் செயலிக்கு உங்கள் தொடர்புகள் எதற்கு? எடுத்துவிடுங்கள். ஏதும் வேலை செய்யாவிட்டால் அது மறுபடி கேட்கும்.

வட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளை (தொட்டால் செயலியாக ஏறுபவை) நிறுவ வேண்டாம், திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வந்தாலும். ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகள் தொடர்புப் பட்டியலைக் கேட்பது வசூலுக்காக. தவணை பிந்தினால் உங்கள் மாமியாருக்கும் அதிபருக்கும் அழைப்புப் போகும். 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது அவசரத்துக்கு இறக்கிய இலவச விபிஎன் (முடக்கத்தைச் சுற்றிப் போக உதவும் செயலி) இன்னும் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதும் முகம் தெரியாத ஒருவரின் வழியாகப் போகிறது.

6. கொமினிகேஷனில்

விண்ணப்பம், கடவுச்சீட்டுப் படிவம், பரீட்சைப் பெறுபேறு எல்லாம் அங்கேதான், போகாமல் இருக்க முடியாது. கடைக்காரரில் பிழை சொல்லவும் மாட்டேன். ஒரு நாளில் அவர் பார்க்கும் ஆட்களின் கோப்புகளை அழித்துக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை. அழிப்பது உங்கள் வேலை.

ஆவணத்தைக் கடையின் வட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புவதுதான் எல்லோரும் செய்வது. அது கடைத் தொலைபேசியிலும் கணினியிலும் தங்கிவிடுகிறது. மாற்று வழி, பென் டிரைவில் அந்த ஒரு கோப்பை மட்டும் போட்டுக்கொண்டு போய், நேராக அதிலிருந்தே அச்சிடக் கேட்பது. வீட்டின் எல்லாப் படங்களும் கிடக்கும் பென் டிரைவைக் கொண்டு போக வேண்டாம். கடை வைரஸ் அதில் ஏறி உங்கள் கணினிக்கும் வரும். அதற்கென்று சிறிய பென் டிரைவ் ஒன்று தனியாக வைத்திருங்கள், வீடு வந்ததும் அதிலுள்ள எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் (போர்மட்).

வட்ஸ்அப்பில் அனுப்பியே ஆக வேண்டுமானால், அச்சிட்டதும் அங்கே நின்றபடியே "அனைவருக்கும் அழி" கொடுங்கள். பிறகு, "தம்பி, டவுன்லோடில் இருக்கிற என்னுடைய கோப்பையும் அழித்துவிடுங்கோ" என்று கேளுங்கள். மறுசுழற்சித் தொட்டியையும் காலி செய்யச் சொல்லுங்கள். முதல் நாள் வெட்கமாக இருக்கும். நான் கேட்கத் தொடங்கி இரண்டு மாதத்தில், எங்கள் சந்திக் கடைத் தம்பி நான் வாய் திறக்க முன்னரே அழித்துக் காட்டுகிறார்.

கடைக் கணினியில் மின்னஞ்சல் திறக்க வேண்டி வந்தால் மறைநிலைச் சாளரத்தில் (இன்கொக்னிட்டோ) திறந்து, "கடவுச்சொல்லைச் சேமிக்கவா" என்பதற்கு வேண்டாம் கொடுத்து, வெளியேறி, சாளரத்தை மூடுங்கள். வங்கிக் கணக்கை அங்கே திறக்கவே வேண்டாம். உங்களுக்காகப் புதிய மின்னஞ்சல் திறக்கிறார்கள் என்றால் எண் உங்களுடையதா என்று திரையைப் பாருங்கள், கடவுச்சொல்லை நீங்களே தட்டுங்கள்.

7. திருத்தக் கொடுக்கும்போதும் விற்கும்போதும்

கண்ணாடி மாற்றப் பின் இலக்கம் கேட்பார்கள். திருத்திய பின் சோதிக்க அது வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் புதிய சாம்சுங் தொலைபேசிகளில் பராமரிப்பு நிலை என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கிக் கொடுத்தால் தொலைபேசி வெறுமையானதுபோல நடக்கும், படமும் செய்தியும் திருத்துபவருக்குத் தெரியாது. அந்த வசதி இல்லாவிட்டால் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள், முடிந்தால் கூடவே இருங்கள். எப்படியும் தேநீர்தான் குடிக்கப் போகிறீர்கள்.

விற்கும்போது முதலில் கூகுள் கணக்கை அகற்றி, பிறகு தொழிற்சாலை நிலைக்கு மீட்டமையுங்கள். வரிசை மாறினால் வாங்கியவரிடம் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு அது பூட்டிக்கொள்ளலாம், இரவு பத்து மணிக்கு அவர் உங்களை அழைப்பார். மெமரி கார்டை விற்க வேண்டாம். அழித்தவற்றையும் மீட்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

8. கணினி

விண்டோஸ் 10 இற்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. பழைய மடிக்கணினி விண்டோஸ் 11 ஐ ஏற்காவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடலாம், இலவசம், எனது இரண்டாம் கை மடிக்கணினியில் ஒரு பின்னேரம்தான் சென்றது. பாமினி எழுத்துருவும் அதில் வேலை செய்கிறது, கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். கடையில் 'கிராக்' (உரிமம் இல்லாமல் ஓடவைக்கும் மென்பொருள்) போட்டுத் தரும் விண்டோஸ் வேண்டாம். வைரஸ் காவலை அணைத்த பிறகுதான் அந்த மென்பொருள் ஏறும், அது ஒன்றே போதாதா? விண்டோஸ் 11 இல் டிஃபென்டர் என்ற வைரஸ் காவல் உள்ளேயே இருக்கிறது, தனியாகக் காசு கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை.

வீட்டில் எல்லோரும் ஒரே கணினி என்றால் ஆளுக்கொரு பயனர் கணக்குத் திறவுங்கள். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை, அந்தக் கணக்கு திறந்திருக்கும்போது உட்காரும் எவரும் பார்க்க முயலலாம். ஃபயர்ஃபொக்ஸில் யூபிளொக் ஒரிஜின் போட்டுக்கொள்ளுங்கள். விளம்பரமும் பின்தொடர்தலும் குறையும், டேட்டாவும் மிஞ்சும். விண்டோஸில் வட்டு மறையாக்கத்தை இயக்கினால் 48 இலக்க மீட்பு எண் ஒன்று தரும், அதுவும் கொப்பிக்கே.

9. தொலைந்துவிட்டால், இந்த வரிசையில்

தொலைபேசியில் *#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண் (அந்தத் தொலைபேசிக்கே உரிய அடையாள எண்) வரும், இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியிலும் இருக்கும். இரண்டு சிம் தொலைபேசிக்கு இரண்டு எண்கள்.

தொலைந்த முதல் மணித்தியாலத்தில்: வேறு தொலைபேசியிலிருந்து நிறுவனத்துக்கு அழைத்துச் சிம்மை நிறுத்துங்கள். கூகுளின் தொலைபேசி தேடும் பக்கத்தில் உங்கள் கணக்கால் நுழைந்து பூட்டுங்கள். மீட்க வழியில்லை என்று தெரிந்தால் அழியுங்கள். உள்ளே போக இரண்டாம் படி கேட்கும், அந்தப் பத்துக் குறியீடுகளில் ஒன்று இப்போது செலவாகும். வங்கிக்குச் சொல்லுங்கள். வட்ஸ்அப் குழுக்களுக்கு வீட்டிலுள்ள ஒருவரின் தொலைபேசியிலிருந்து ஒரு வரி எழுதுங்கள், குரல் பதிவாக இருந்தால் நம்புவார்கள்.

அன்றே அல்லது மறுநாள்: ஐஎம்இஐ எண்ணோடு பொலிஸ் முறைப்பாடு. முறைப்பாட்டுப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், கேட்காமல் தரமாட்டார்கள். பிறகு மூல அடையாள அட்டையோடு கிளைக்குப் போய் மாற்றுச் சிம். கையில் வந்ததும் முதல் வேலை வட்ஸ்அப்பைப் பதிவது.

கணக்கு கைமாறியது, போலிக் கணக்குத் திறந்தார்கள் என்றால் இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவின் 101. தொலைபேசி நிறுவனம் அலட்சியப்படுத்தினால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900. படத்தை வைத்து ஒரு பெண்ணை மிரட்டுகிறார்கள் என்றால் பெண்களுக்கான 1938, உடனடி ஆபத்து என்றால் 119. மிரட்டுபவருக்குக் காசு கொடுக்க வேண்டாம், செய்திகளை அழிக்கவும் வேண்டாம். திரைப்பிடிப்பு எடுத்து, எண்ணும் நேரமும் தெரிய வையுங்கள்.

இந்த எண்களைத் தொலைபேசிக்குள் சேமிக்காமல், ஐஎம்இஐ எண்ணோடும் நிறுவனத்தின் சேவை எண்ணோடும் சேர்த்து ஒரு சிறு துண்டில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். பணப்பையும் தொலைபேசியும் ஒரே சட்டைப்பையில் இருக்கக் கூடாது.